டிஸ்க்கைக் கழற்றியதும் விஎம் எமர்ஜென்சி மோடில் நிற்கிறதா?

கேவிஎம்மில் (லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஓடும் விஎம்மிலிருந்து, அதாவது மெய்நிகர் கணினியிலிருந்து, இரண்டாவது டிஸ்க்கை எடுத்த பிறகு, பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்கு (பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை) போகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், டேட்டா எங்கும் போகவில்லை. உள்ளே இருக்கும் லினக்ஸின் எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல், /etc/fstab) அந்த டிஸ்க்குக்கான வரி அப்படியே இருக்கிறது, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அதற்காகத்தான் 90 விநாடி காத்திருந்துவிட்டு நின்றுவிடுகிறது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) ரீட்-ஒன்லியாக இருந்தால் ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்து, அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு ரீபூட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

அடுத்த டிஸ்க்கை எடுக்கும்போது வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் அன்மவுண்ட், அப்புறம் எஃப்எஸ்டேப் வரி, கடைசியாகத்தான் ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் கணினியில்) டிடாச். எல்விஎம் (பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் முறை) இருந்தால் அன்மவுண்ட் மட்டும் போதாது, பிவிமூவ் (pvmove) கமாண்ட் கொண்டு டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, விஜிரெட்யூஸால் (vgreduce) அந்த டிஸ்க்கைத் தொகுப்பிலிருந்து நீக்கி முடித்த பிறகே கை வையுங்கள். விடிபி, விடிசி (vdb, vdc) என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பவே நம்பாதீர்கள், ரீபூட்டில் மாறலாம், அளவையும் யுயுஐடியையும் (UUID, மாறாத அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றிய டிஸ்க்கின் கியூகவ்2 (qcow2) ஃபைலை, அதாவது ஹோஸ்டில் அந்த டிஸ்க்காக இருக்கும் ஃபைலை, மட்டும் உடனே அழிக்காதீர்கள். வேறு ஏதாவது ஸ்னாப்ஷாட்டுக்கு அதுவே பேக்கிங் ஃபைலாக (அடிப்படை ஃபைலாக) இருந்தால் அந்த ஸ்னாப்ஷாட்டில் ஓடும் விஎம்மும் சேர்ந்து போய்விடும்.