மீன் பிடிக்கிற கப்பலுக்குப் பீரங்கி எதற்கு?

கேள்வி: உலகப் போரில் நீராவி மீன்பிடிக் கப்பல்களும் கடற்படையில் சேர்ந்ததாகக் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். மீன் பிடிக்கிற கப்பலுக்குப் போரில் என்ன வேலை?
- வாசகி, மேலூர்

பதில்: மகள் சொல்வது உண்மைதான் அம்மா. டிராலர் என்பார்கள். கடலடித் தரையோடு வலையை இழுத்துக்கொண்டே போகிற கப்பல். இதற்கென்றே கட்டிய ஆரம்பகால நீராவிக் கப்பல்களில் ஒன்று, 1881-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கட்டி கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் போன 'சோடியாக்'. அதற்கு முன்பு பெரும்பாலும் பாய்மரம். காற்று நின்றால் வலையும் நின்றது.

நான் மதுரையில் ஒரு மில்லில் பாய்லர் பார்த்தவன். அதனால் எனக்கு மீனைவிட அடுப்பின் மேல்தான் கண் போகும். ஆடாமல் அசையாமல் நிற்கிற பாய்லருக்குக் கரி தள்ளினாலே இடுப்பு கழன்றுவிடும். டிராலர்காரர்கள் ஐஸ்லாந்துப் பக்கத்துக் குளிர்காலக் கடலில், கப்பல் குப்புறச் சாய்கிற நேரத்திலும் கரி அறையிலிருந்து வாரிவந்து போட்டாக வேண்டும். அந்த நீராவிதான் இன்ஜினையும் ஓட்டும், வலையின் இரும்பு வடத்தைச் சுருட்டுகிற வின்ச்சையும் சுற்றும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பாராமல் வலை மேலே வரும். குடலை எடுத்து, கழுவி, ஐஸ் போட்டு அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வலை வந்துவிடும். இப்படி மூன்று வாரம்கூடப் போகும். கேப்டனுக்குச் சம்பளம் இல்லை, மீன் விற்ற பணத்தில் பங்குதான். ஏலத்தில் விலை விழுந்தால் வெறுங்கை.

சரி, போருக்கு வருவோம். 1904-05-இல் ரஷ்ய-ஜப்பானியப் போரில் பெரிய பெரிய போர்க்கப்பல்களே கண்ணிவெடியில் மூழ்கின. பிரிட்டிஷ் கடற்படைக்குக் கவலை பிடித்தது. கடலடியில் ஒரு பாரம், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வெடி. இதை எடுக்க இரண்டு கப்பல்கள் நடுவில் ஒரு வடத்தைக் கட்டி இணையாக இழுத்துப் போக வேண்டும். நம் கரையில் தடை போட்டிருக்கிறார்களே இரட்டைமடி, ஏறக்குறைய அதேதான், வலை மட்டும் கிடையாது. வடம் கம்பியை அறுத்ததும் வெடி மேலே மிதக்கும், துப்பாக்கியால் சுட்டுத் தீர்ப்பார்கள்.

வின்ச், வடம், புயலிலும் வரிசை பிசகாமல் ஓட்டுகிற கை எல்லாம் டிராலர்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1910-இல் கடற்படை ரிசர்வில் அவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். 1914-இல் போர் வந்ததும் கப்பலோடு ஆட்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். முன்தளத்தில் ஒரு பீரங்கி ஏறியது. ஆனால் டிராலர் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்ந்து ஓடும் கப்பல். கடல் வற்றுகிற நேரத்தில் வெடி மேலே நெருங்கிவிடும், தேடப் போனவன் தலையிலேயே வெடிக்கும். அப்படிப் போனவர்கள் ஏராளம்.

கேள்வி: போரே இல்லாதபோது பிரிட்டிஷ் டிராலர்களைப் போர்க்கப்பல் சுட்டதாமே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஆமாம், 1904 அக்டோபரில். ஜப்பானோடு மோதப் புறப்பட்ட ரஷ்யக் கடற்படை, வட கடலின் டாகர் திட்டில் (கடலுக்கடியில் உள்ள மேடு) மீன் பிடித்துக்கொண்டிருந்த ஹல் நகர டிராலர்களை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டது. 'கிரேன்' என்ற டிராலர் மூழ்கியது. ஜப்பான் எங்கே, வட கடல் எங்கே! கடைசியில் ரஷ்யா நஷ்டஈடு கொடுத்தது.

கேள்வி: டிராலர் ஒரு நீர்மூழ்கியையே பிடித்தது என்பது கட்டுக்கதையா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: கதை இல்லை தம்பி. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூனில், ஏடன் அருகே 'மூன்ஸ்டோன்' என்ற பிரிட்டிஷ் டிராலர் இத்தாலியின் 'கலிலியோ கலிலி' நீர்மூழ்கியைப் பிடித்தது. உள்ளே குளிர்சாதன எந்திரத்தின் நச்சுவாயு கசிந்து ஆட்கள் ஏற்கெனவே துவண்டிருந்தார்கள். டிராலர் வெடிகுண்டுகளைத் தண்ணீருக்குள் போட்டதும் நீர்மூழ்கி மேலே வந்து சுட ஆரம்பித்தது. மூன்ஸ்டோனின் குண்டில் அதன் கேப்டனே இறந்தார், மற்றவர்கள் சரணடைந்தார்கள். 'கந்தஹார்' என்ற நாசகாரிக் கப்பல்தான் ஏடனுக்கு இழுத்துப் போனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் 'லேடி ஷெர்லி' என்ற டிராலர் கேனரித் தீவுகளுக்கு அருகே யு-111 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், ஜிப்ரால்டர் பக்கம் அந்த டிராலரும் போய்விட்டது, ஒருவரும் மீளவில்லை.

கேள்வி: நம் கடலுக்கு நீராவி டிராலர் வந்ததுண்டா?
- வாசகி, கரிமேடு, மதுரை

பதில்: சண்டைக்கு அல்ல, மீன் எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்தன. 1908-09-இல் 'கோல்டன் கிரவுன்' வங்காள விரிகுடாவில் தேடியது. 1920-களின் தொடக்கத்தில் இலங்கை அரசின் 'லில்லா' கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டில் வலை போட்டது. அப்புறம் அதே பத்தாண்டின் கடைசியில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் 'லேடி கோஷன்' வந்தது. அந்தத் திட்டு கலவாவுக்கும் விளமீனுக்கும் பேர்போனது. உங்கள் கரிமேட்டில் நல்ல கலவா கண்ணில் பட்டால் விலை கேட்டு வையுங்கள், எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோஷன் என்பவர் அப்போதைய சென்னை ஆளுநர். மீன் கப்பலுக்குத் தன் பெயர் வைத்ததை அவர் மனைவி ரசித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.