கோச் கொடுத்த ‘ஆஃபர்’ வெஸ்ட் பாயிண்ட் சீட் ஆகுமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகன் 11-ம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பாட்ட முன்வரிசையான ‘லைனின்’ ஓரத்தில் ஆடுபவன்). 6 அடி 2 அங்குலம், 220 பவுண்டு. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் கோச் போனில் ‘ஆஃபர்’ கொடுத்துவிட்டார். ரெக்ரூட்டிங் ஏஜெண்ட் ஒருவர் 4,000 டாலர் கொடுத்தால் அகாடமியில் சேரத் தேவையான காங்கிரஸ் நாமினேஷனை (அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை) வாங்கித் தருவதாகவும், நாலு வருஷம் ஆடினால் நேரே என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) என்றும் சொல்கிறார். மற்ற கல்லூரிகளுக்கு ‘வரவில்லை’ என்று சொல்லிவிடலாமா? (நாங்கள் சென்னையிலிருந்து வந்தவர்கள், கிரீன் கார்டு. கணவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குக் காத்திருக்கிறார். மகனுக்கு வரும் ஜனவரியில் 18 முடிகிறது.)

பதில்: ஏஜெண்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். மற்ற கல்லூரிகளுக்கு இப்போது எதுவும் சொல்லாதீர்கள். ஆனால் இந்த இரண்டையும்விட அவசரமானது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயம். அதற்கு வருகிறேன்.

முதலில் ஆஃபர். மற்ற பல்கலைக்கழகங்களில் கோச் ஆஃபர் என்றால் அதன் பின்னால் ஸ்காலர்ஷிப் பணம் இருக்கும். ராணுவ அகாடமியில் ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே இல்லை. வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸில் உள்ள கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமி மூன்றிலும் சேருகிற எல்லோருக்கும் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அரசுச் செலவு. மாதச் சம்பளமும் உண்டு, அதில் சீருடை, லேப்டாப் செலவைப் பிடித்துக்கொள்வார்கள். ஃபுட்பால் ஆடுகிறவனுக்கும் ஆடாதவனுக்கும் இதே கணக்குதான். ஆகவே கோச்சின் கையில் கொடுப்பதற்குத் தனியாக ஒன்றுமில்லை. ‘இந்தப் பையன் எங்களுக்கு வேண்டும்’ என்று அட்மிஷன் அலுவலகத்தில் அவர் சொல்லலாம். அது பெரிய உதவிதான், ஆனால் அதுவே சீட் ஆகிவிடாது. ஸ்காலர்ஷிப்புக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால் இங்கே ஆஃபரும் தாராளமாகவே கொடுக்கப்படுகிறது. பிப்ரவரியில் பள்ளியில் கல்லூரித் தொப்பி போட்டு ‘இங்கே சேருகிறேன்’ என்று கையெழுத்திடும் படத்துக்கும் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை.

கோச்சிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒன்று, மகனை நேராக எடுக்க நினைக்கிறீர்களா, ஓராண்டு பிரெப் ஸ்கூலுக்கு (அகாடமிக்குத் தயார்செய்யும் பள்ளி) அனுப்பிவிட்டு எடுக்க நினைக்கிறீர்களா? இரண்டு, அட்மிஷன் அலுவலகம் ‘லெட்டர் ஆஃப் அஷூரன்ஸ்’ தருமா, எப்போது? நாமினேஷனும் மருத்துவத் தகுதியும் வந்துவிட்டால் சீட் உண்டு என்று எழுத்தில் சொல்லும் கடிதம் அது. போனில் கேட்ட இனிமையான வார்த்தைகளைவிட அந்த ஒரு தாள் கனமானது.

இனி நாமினேஷன். உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதியின் பிரதிநிதி, துணை ஜனாதிபதி என்று நான்கு இடங்களில் மகன் விண்ணப்பிக்கலாம். நான்கிலும் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொருவர் கணக்கிலும் ஓர் அகாடமியில் ஒரே சமயத்தில் 5 பேர்தான் படிக்க முடியும் என்பதால், ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு காலியிடம்தான் வரும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. படிவம் அவரவர் இணையதளத்திலேயே இருக்கிறது. தொகுதி அலுவலகத்தில் இதற்கென்றே ஓர் ஊழியர் இருப்பார், போன் செய்தால் பேசுவார். அகாடமிகளின் சார்பில் ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களும் காசு வாங்குவதில்லை. ‘வாங்கித் தருகிறேன்’ என்பவர் இதில் எந்த இடத்தில் நுழைகிறார்? எங்கும் இல்லை. நீங்களே நிரப்ப வேண்டிய படிவத்தை நிரப்பிவிட்டு, பையன் தன் தகுதியில் தேர்வானால் ‘என் செல்வாக்கு’ என்பார். தேர்வாகாவிட்டால் ‘இந்த வருஷம் போட்டி அதிகம்’ என்பார். எப்படிப் பார்த்தாலும் 4,000 டாலர் அவருடையது. ஸ்பான்சர்ஷிப், விளம்பர வருமானம் என்று அடுத்ததாக ஆசை காட்டுவார். அதையும் நம்பாதீர்கள். மற்ற கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அகாடமி கேடட்டுகள் (மாணவர்கள்) அரசு ஊழியர் கணக்கில் வருவதால் அவர்களுக்கு அந்த வழி இல்லை.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்கு அலுவலகங்களும் ஒரு காரணம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே பையன், ஒரே மதிப்பெண் பட்டியல். ஆனால் நான்கு அலுவலகம், நான்கு போர்ட்டல், நான்கு கட்டுரை, நான்கு கெடுத்தேதி. நாட்டுக்காக உயிரையே பணயம் வைக்க வருகிற 17 வயதுப் பிள்ளையிடம் ஒரே விண்ணப்பத்தை வாங்கி நால்வரும் பகிர்ந்துகொள்ள இத்தனை காலமாக ஏன் முடியவில்லை? பெரும்பாலான கெடுக்கள் 12-ம் வகுப்பின் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அது ஃபுட்பால் சீசனின் நடுப்பகுதி, பையனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. படிவங்களைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

இப்போது அடைப்புக்குறி. கிரீன் கார்டு உள்ளவர் கேடட்டாகச் சேர முடியாது. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். உங்கள் மகனுக்கு அது வர இரண்டு வழி உண்டு. ஒன்று சுலபம், மற்றது இந்தக் கால அட்டவணைக்குள் அடங்காது.

சுலபமான வழி பெற்றோர் மூலம் வருவது. பிள்ளை 18 முடியாதவனாக, கிரீன் கார்டு உள்ளவனாக, அமெரிக்காவில் உங்கள் சட்டபூர்வக் காவலில் உங்களுடன் வசிப்பவனாக இருக்க வேண்டும். தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை பெற வேண்டும். இவை எல்லாம் ஒரே சமயத்தில் பொருந்துகிற அந்தக் கணமே பிள்ளை தானாகக் குடிமகன் ஆகிறான். அவனுக்கு நேர்காணல் இல்லை, தேர்வு இல்லை. கவனியுங்கள்: உங்கள் கணவர் விண்ணப்பித்த நாளும் கணக்கில்லை, நேர்காணலில் தேறிய நாளும் கணக்கில்லை. உறுதிமொழி எடுக்கும் நாள்தான் கணக்கு. அந்த நாள் மகனின் 18-வது பிறந்தநாளுக்கு முன்னால் விழுந்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் பின்னால் போனால் இந்த வழி அடைபடும். பிறகு மகன் தனியாக என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜனவரி இறுதிக்குள் நாமினேஷனும் கோப்பும் முடிய வேண்டிய இடத்தில், அந்த மாதம்தான் விண்ணப்பமே போடுகிறவன் ஜூலைக்குள் குடிமகன் ஆவான் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் இந்த வாரமே குடியேற்ற அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள்: மகனின் பிறந்த தேதி, அது தாண்டினால் அவன் இழப்பது என்ன, கோச்சின் கடிதம் இருந்தால் அதன் நகல். நேர்காணலில் தேறிய அன்றே உறுதிமொழியும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கணவர் கேட்கட்டும். சில அலுவலகங்களில் முடியும். நடுவில் இந்தியா பயணம் எதுவும் வைக்காதீர்கள், நேர்காணல் தேதியை ஒத்திப்போடவும் கேட்காதீர்கள். உறுதிமொழி முடிந்ததும் மகனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுங்கள். ஆதாரமாக அதுவே போதும். என்-600 படிவம் போட்டு வாங்கும் குடியுரிமைச் சான்றிதழும் உண்டு, ஆனால் அது நெடுநாள் இழுக்கும், பின்னால் போட்டுக்கொள்ளலாம். 18 ஆகாத பிள்ளைக்கு என்-400 போடச் சொல்லிக் கட்டணத்தைக் கரைக்கும் ‘கன்சல்டண்ட்’களும் இருக்கிறார்கள். அந்தப் படிவம் 18 ஆனவர்களுக்குத்தான்.

இதில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்காத ஒன்று: வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் இந்தியா ஓ.சி.ஐ. அட்டை தருவதில்லை. மகன் தாத்தா பாட்டியைப் பார்க்க வருவதென்றால் விசா எடுத்துத்தான் வர வேண்டியிருக்கும். அவனிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனையை டாட்மெர்ப் என்ற பாதுகாப்புத்துறைப் பிரிவு நடத்துகிறது. டிஃபென்சிவ் லைன் பையன்கள் இடறுவது முழங்கால் தசைநார் அறுவை, தோள்மூட்டு விலகல், தலையில் பட்ட அடி ஆகியவற்றில். நம் பிள்ளைகள் இடறுவது ஆஸ்துமாவில். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்று பதிவு இருந்தால் தகுதியில்லை என்று வரும். சளிக்குப் போன இடத்தில் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, பதிவில் அலட்சியமாக ‘ஆஸ்துமா’ என்று குறித்துவைக்கிற வழக்கம் உண்டு. மகனின் மருத்துவப் பதிவுகளை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் நுரையீரல் செயல்திறன் சோதனை செய்து மருத்துவரிடமே திருத்தம் கேளுங்கள். மறைக்காதீர்கள். ‘யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று ஏஜெண்ட் சொல்வார். பின்னால் தெரிந்தால் வெளியே போவது மகன்தான். ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தாலும் அதோடு முடிவதில்லை. விலக்கு அளிப்பது டாட்மெர்ப் அல்ல, அகாடமி. அகாடமிக்குப் பையன் வேண்டுமென்றால் அதுவே விலக்குக்குக் கோப்பை நகர்த்தும். கோச்சின் ஆஃபர் உண்மையில் பயன்படுகிற இடம் இதுதான்.

உடற்தகுதித் தேர்வில் ஆறு அம்சங்கள்: மண்டியிட்டு பாஸ்கெட்பால் எறிவது, புல்-அப், முன்னும் பின்னும் ஓடும் ஷட்டில் ஓட்டம், சிட்-அப், புஷ்-அப், ஒரு மைல் ஓட்டம். ஒன்றன்பின் ஒன்றாக, குறைந்த இடைவேளையில் நடக்கும். 220 பவுண்டு பையன் எறிவதில் ஜெயிப்பான், புல்-அப்பில் திணறுவான். ஆண்களுக்கு முழு மதிப்பெண் 18 புல்-அப். பெஞ்ச் பிரஸ் எவ்வளவு தூக்குகிறான் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. இப்போதிருந்தே வாரத்துக்கு மூன்று நாள் தொங்கட்டும். மைலைக் களைத்த உடம்போடு ஓடிப் பழகட்டும்.

பிரெப் ஸ்கூல் என்று கோச் சொன்னால் மனம் தளராதீர்கள். வெஸ்ட் பாயிண்டுக்கான பிரெப் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. லைன் ஆட்டக்காரர்கள் பலர் அந்த வழியாகவே வருகிறார்கள். அதில் சேர நாமினேஷன் தேவையில்லை. மற்ற கல்லூரிகளில் முதலாண்டு ஆடாமல் உட்காரவைத்து உடம்பைத் தேற்றி ஐந்தாண்டு வைத்திருப்பார்கள். அகாடமியில் நான்காண்டில் பட்டம் முடித்தாக வேண்டும் என்பதால் அந்த வழக்கம் இல்லை. உடம்பு தேற அந்தப் பிரெப் ஆண்டு உதவும்.

ஆட்டம் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மகனுக்குத் தெரிய வேண்டும். 220 பவுண்டு டிஃபென்சிவ் எண்டைப் பெரிய அணிகள் சின்னவன் என்று ஒதுக்கும், அகாடமி எடுத்துக்கொள்ளும். அகாடமி அணிகளின் தாக்குதல் ஆட்டம் பெரும்பாலும் பந்தைச் சுமந்து ஓடுவது. உங்கள் பையன் பயிற்சியில் சந்திப்பது அதைத்தான். எதிரே நிற்பவன் மார்பில் மோதாமல் தொடையை நோக்கிப் பாய்வான். கை இரண்டையும் அவன் தோளில் வைத்துக் கீழே அமுக்கி, கால்களைப் பின்னுக்கு எறிய வேண்டும். கை அரை நொடி தாமதித்தால் பாரம் முழுதும் முழங்காலில் இறங்கும். 2022 முதல் இடுப்புக்குக் கீழான தடுப்பை மைய லைன் பகுதிக்குள் மட்டுமே அனுமதிக்கிறார்கள். லைன் ஆட்டக்காரன் நிற்பதே அந்தப் பகுதியில்தான். கோடையில் மற்ற கல்லூரி வீரர்கள் ஜிம்மில் எடை ஏற்றும்போது இவன் ராணுவப் பயிற்சியில் எடை இழப்பான். பட்டம் பெறும்போது ராணுவத்தின் உடற்கொழுப்பு அளவுக்குள் வேறு இருக்க வேண்டும்.

பட்டம் முடித்தால் குறைந்தது 5 ஆண்டு முழுநேர ராணுவப் பணி, மேலும் 3 ஆண்டு ரிசர்வ். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் விலகினால் கடன் இல்லை. அதன்பின் விலகினால் படைவீரனாகப் பணியாற்றவோ, படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ சொல்லலாம்.

‘நேரே என்.எஃப்.எல்.’ என்பது பச்சைப் பொய். விமானப்படை அகாடமியின் சாட் ஹென்னிங்ஸ் 1987-ல் எதிரணி குவார்ட்டர்பேக்கை (தாக்குதலை நடத்தும், பந்தை எறியும் வீரர்) 24 முறை பந்தோடு வீழ்த்தி (இதுதான் ‘சாக்’), நாட்டின் சிறந்த லைன் ஆட்டக்காரருக்கான அவுட்லாண்ட் கோப்பையை வென்றவர். அவரையே என்.எஃப்.எல். அணியான டல்லாஸ் கவ்பாய்ஸ் 1988 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 11-வது சுற்றில்தான் எடுத்தது, காரணம் ராணுவக் கடமை. ஏ-10 போர் விமானம் ஓட்டி, வடக்கு ஈராக்கில் 45 முறை பறந்துவிட்டு 1992-ல்தான் அவர் அணிக்கு வந்தார். வந்து மூன்று சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) வென்றார். வெஸ்ட் பாயிண்டின் ஜாஷ் மெக்னேரி இரண்டாண்டு பணிக்குப் பிறகே 2013-ல் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸில் சேர்ந்தார்.

பட்டம் முடித்ததும் ராணுவப் பணியைத் தள்ளிவைத்து என்.எஃப்.எல். ஆட விடுவதா என்ற விதி இடையில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்த வெஸ்ட் பாயிண்ட் வீரர் கேலப் கேம்ப்பெல்லை, பயிற்சி முகாம் தொடங்கும் தறுவாயில் ராணுவம் திரும்ப அழைத்துக்கொண்டது. 2017-ல் பாதுகாப்புத்துறை கதவைச் சாத்தியது, 2019-ல் திறந்தது, 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டமாகவே சாத்தியது. அந்த நேரம் மாட்டிக்கொண்டவர் ஆண்ட்ரே கார்ட்டர். 2021-ல் 15.5 சாக் எடுத்து வெஸ்ட் பாயிண்ட் சாதனை படைத்த, முன்வரிசை ஓரத்தில் ஆடும் வீரர். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்கு விலக்கு தந்த பிறகே அவருக்கு வழி பிறந்தது, டிராஃப்டில் யாரும் எடுக்காமல் மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்தார். 20 வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையை இப்படி வருஷத்துக்கொரு விதியால் உருட்டுவது நியாயமே இல்லை. உங்கள் மகன் பட்டம் பெறும்போது எந்த விதி இருக்கும் என்று எந்த ஏஜெண்டுக்கும் தெரியாது. ராணுவ அதிகாரியாக ஐந்தாண்டு இருப்பது அவனுக்கே பிடித்திருந்தால் மட்டும் போகட்டும்.

மற்ற கோச்சுகள் கேட்டால் ‘வெஸ்ட் பாயிண்டிலும் விண்ணப்பித்திருக்கிறேன், அப்பாயின்ட்மெண்ட் (சேர்க்கை) கடிதம் இன்னும் வரவில்லை’ என்று மகன் உள்ளதைச் சொல்லட்டும். பெரும்பாலோர் மதிப்பார்கள். கடிதம் கைக்கு வரும்வரை குறைந்தது இரண்டு கல்லூரிகளின் விண்ணப்பத்தையும் நிதியுதவிப் படிவத்தையும் உயிரோடு வைத்திருங்கள். வெஸ்ட் பாயிண்டுக்கு ‘சரி’ சொல்ல மே 1 வரை நேரம் உண்டு.