ஸாட்டோயிச்சி: வாள்சண்டைக்கு நடுவே எதற்கு இந்த ஆட்டம்?

தாகேஷி கிட்டானோ இயக்கி நடித்த 'ஸாட்டோயிச்சி' (2003) பற்றி வந்த கேள்விகள் இவை. கடைசிக் கேள்வியில் படத்தின் முடிவு இருக்கிறது. பார்க்காதவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

சாமுராய் படம் என்று உட்கார்ந்தேன் சார். கடைசியில் ஊரே டேப் டான்ஸ் ஆடுகிறது. இது என்ன வகை?

முதலில், கதாநாயகன் இச்சி சாமுராயே இல்லை. ஊர் ஊராகப் போய் உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கும் பார்வையற்றவர், சூதாடி. வாள் கைத்தடிக்குள் இருக்கும். 'ஸாட்டோ' என்பது அந்தக் காலப் பார்வையற்றோர் சங்கத்தில் கீழ்நிலைப் பட்டம். படத்தில் சாமுராய் வேண்டுமென்றால் தடானொபு அசானோவைப் பாருங்கள்: நோயாளி மனைவிக்காகக் கூலிக்கு வாள் வீசும் ரோனின், அதாவது எஜமானன் இல்லாத சாமுராய்.

ஆட்டம் திடீரென்று வந்து குதிக்கவில்லை. வயலில் மண்ணைக் கொத்தும் சத்தமே தாளமாகிறது. பிறகு சேற்றில் மிதிக்கிறார்கள். தச்சர்கள் வீடு கட்டும்போது சுத்தியலும் சேர்ந்துகொள்கிறது. திருவிழாவில் மரச்செருப்போடு ஆடும்போது அந்தத் தாளம் முழுசாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை பார்க்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள்.

கிட்டானோ ஆரம்பத்தில் தோக்கியோவின் அசாகுசாவில், ஆடை அவிழ்ப்பு நடனக் கொட்டகை ஒன்றில் நகைச்சுவை கற்றவர். டேப் டான்ஸும் அங்கே கற்றதுதான். நமக்குக் கலப்படமாகத் தெரிவது அவருக்குப் பழகிய மேடை. இச்சியின் சூதாடி நண்பன் ஷின்கிச்சி கழியைக் கொடுத்துப் பையன்களுக்குச் சண்டை சொல்லித்தரப் போய், தானே அடி வாங்கும் காட்சி அசல் மேடை ஜோக்.

பழைய படங்களைப் பார்க்காமல் புரியுமா அண்ணா?

தாராளமாகப் புரியும். கான் ஷிமோசாவாவின் சிறுகதையில் பிறந்த பாத்திரம் இது. ஷிந்தாரோ கட்சு 1962 முதல் 1973 வரை 25 படங்கள், 1989-ல் இன்னொன்று, நடுவே 100 தொலைக்காட்சி எபிசோடுகள் என்று நடித்துத் தீர்த்துவிட்டார். கட்சுவின் இச்சி வாயாடி, பாசக்காரர். கிட்டானோவின் இச்சி அதிகம் பேசுவதில்லை, தலைமுடியும் பொன்னிறம். ஒப்பிட ஆரம்பிக்கும் முன்பே நம் வாயை அடைக்கும் தந்திரம் அது என்பேன்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம், டொரொன்டோ விழாவில் பார்வையாளர் விருது. இரண்டு இடத்திலும் ஒரே வருடம் ஜெயித்ததே படத்தின் குணத்தைச் சொல்லிவிடும். ஆனால் 1997-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற கிட்டானோவின் முந்தைய படம் 'ஹனா-பி'யின் ரசிகர்களில் சிலருக்கு இது லேசான படமாகத் தோன்றியது. கதை அடிக்கடி பின்னோக்கிப் போய்வருவதும் குறையாகச் சொல்லப்பட்டது. அதில் எனக்கும் பாதி உடன்பாடு: கெய்ஷா (விருந்துகளில் ஆடிப்பாடும் பெண்) வேடத்தில் பழிவாங்க அலையும் அக்கா தம்பியின் முன்கதையைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

ரத்தம் அப்பட்டமான கிராஃபிக்ஸ். காசில்லையா?

வேண்டுமென்றே செய்தது. நிஜம் போலச் சிந்தியிருந்தால், இத்தனை பேர் சாகும் படத்தில் அடுத்த நிமிடம் சிரிக்க முடியுமா?

முடிவில் கண் திறக்கிறாரே, அப்படியென்றால் பார்வை உண்டா இல்லையா?

கண்ணைத் திறந்த கையோடு கல் தடுக்கி விழுகிறார். எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். இதற்கு மேல் நானென்ன சொல்ல?