கண்டபடி

அன்புள்ள ஐயா,

புரட்டாசி விடுமுறையில் இரண்டு காரில் ஒன்பது பேர், கரூ என்ற வறண்ட நிலப் பகுதியிலுள்ள நியூ-பெதெஸ்டா கிராமத்துக்குப் போகிறோம். இரண்டு ராத்திரி ஆட்டுப் பண்ணையில், ஒரு ராத்திரி ஊருக்குள். விரத மாதம் என்பதால் கறி தொடமாட்டோம். ஆட்டுக்கறிக்கே பேர்போன கரூவில், உபசரிப்பவர்கள் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு போகக்கூடாது என்கிறார் அம்மா, என்ன கொண்டுபோகலாம்? சின்ன கார் தாங்குமா? வழியெல்லாம் பண்ணைக் கேட்டுகளாம். ஒவ்வொன்றையும் இறங்கித் திறந்து மூடுவது தொல்லை. முதல் காரில் போகிற நாங்கள் திறந்தே விட்டுவிட்டால் பின்னால் வரும் அண்ணனுக்கு வசதிதானே?

ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

விடுமுறை நெருங்குகிறதே, இந்தக் கேட் விவகாரத்தை எழுதவேண்டுமே என்று நானே நினைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். திட்டு கடைசியில் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தை அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடு. மனம் கோணுவது, தட்டு வந்தபிறகு சொன்னால்தான். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். இந்த நாட்டில் கோழி காய்கறிக் கணக்கில் சேர்ந்தது. இறைச்சி, கோழி, மீன், எலும்புச் சாறு, கொழுப்பு எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்லவேண்டும். பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் ஆட்டெலும்போடு வேகவைத்து மசிப்பது அங்கே சாதாரணம். உருளையை ஆட்டு வால்கொழுப்பில் வாட்டுவதும் உண்டு, பார்த்தால் தெரியாது. தணலில் சுடும் ரொட்டியான ரூஸ்டர்கூக்கை, கொழுப்புச் சேர்க்கவில்லை என்றால், சாப்பிடலாம். பூசணிப் பணியாரம் போன்ற பம்பூன்கூக்கி, பாலில் செய்யும் இனிப்பான மெல்க்டெர்ட் இரண்டிலும் முட்டை உண்டு. முட்டையும் விலக்கு என்றால் அவற்றைத் தொடாதே.

அம்மா சொன்னது சரி. வீட்டில் போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போதும். விருந்தோம்பலைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மேற்கோள் எழுதியிருந்தாய், வெட்டிவிட்டேன். கரூக்காரர்கள் காப்பியும் ரஸ்கும் கொடுத்து உட்காரவைப்பார்கள், அதற்கு மேற்கோள் வேண்டாம்.

சின்ன கார் தாங்கும். என்9 நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குத் தார்ச்சாலை இருக்கிறது. பண்ணைக்குப் போவதுதான் கல்மண் சாலை. டயரில் 2.2 பார் காற்றழுத்தம் இருந்தால் 1.8க்கு இறக்கு. அதற்கும் கீழே இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கி, கத்தி மாதிரி நிற்கும் பாளக்கல்லில் கிழியும். வேகம் 60, மிஞ்சினால் 70. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கை மிதிக்காதே. உபரிச் சக்கரம் முழு அளவா, பெயருக்கு வைத்த ஒல்லிச் சக்கரமா என்று டர்பனிலேயே டிக்கியைத் திறந்து பார். நியூ-பெதெஸ்டாவில் பெட்ரோல் பங்க் கிடையாது, மிடில்பர்கிலோ க்ராஃப்-ரைனெட்டிலோ நிரப்பிக்கொள். தெருவிளக்கும் கிடையாது, டார்ச் எடுத்துப் போ. செப்டம்பர் கடைசியிலும் அந்த மலையடிவாரத்தில் ராத்திரி உறைபனி விழலாம்.

ஆயிரம் கிலோமீட்டர் சொச்சத்தை ஒரே நாளில் ஓட்டாதே. ப்ளூம்ஃபொன்டெயினில் ஒரு ராத்திரி தங்கு. அந்த ஊர் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியேறவோ கடை வைக்கவோ கூடாது என்று 1891இல் போட்ட சட்டம் 1980களின் நடுவரை உயிரோடு இருந்தது. தாத்தா தலைமுறை நிற்காமல் கடந்துபோன மாகாணம் அது. பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டுத் தூங்கிப் போங்கள்.

இப்போது கேட்டுக்கு வருவோம். அண்ணனுக்கு வசதியாம்! அந்தக் கேட் உன் அண்ணனுக்காக வைத்ததா?

கரூவில் ஒரு செம்மறிக்கு ஹெக்டேர் கணக்கில் நிலம் வேண்டும். குட்டைப் புதரும் இடையிடையே புல்லும்தான் தீனி. ஒரே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தால் புதர் விதை வைக்காமலே செத்துப்போகும். அதனால் பண்ணையைத் துண்டு துண்டாக வேலியடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு அங்கே 'காம்ப்' என்று பெயர். நீ தொல்லை என்று சொல்லும் கேட் இரண்டு காம்ப்களுக்கு நடுவில் நிற்கிறது. மூடியிருந்ததைத் திறந்துவிட்டால் துளிர்விட்ட பக்கத்துக்கு மந்தை போய்விடும். கிடா ஒரு பக்கம், பெட்டைகள் மறுபக்கம் என்றால் இன்னும் மோசம். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். செப்டம்பர் கடைசியில் கலந்தால் பிப்ரவரி வெயிலில் குட்டி விழும். பல பண்ணைகளில் வேலியடியில் கல் அடுக்கி வலை கட்டியிருப்பது நரிக்காக. மைல் கணக்கில் வலை கட்டியும் திறந்த ஒரு கேட் போதும், குட்டி போயிற்று.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டால் புண்ணியமா? இல்லை, அது இதைவிடப் பெரிய பாவம். இரண்டு மூன்று காம்ப்களுக்குப் பொதுவாக ஒரே காற்றாடிப் பம்பும் ஒரே தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். மந்தை தண்ணீருக்குப் போய்வரத்தான் பண்ணைக்காரர் அந்தக் கேட்டைத் திறந்து, கம்பியால் கட்டியே வைத்திருப்பார். உச்சி வெயிலில் ஒரு செம்மறி நாளைக்கு 4 முதல் 8 லிட்டர் குடிக்கும், பால் கொடுக்கும் பெட்டைக்கு இன்னும் கூட வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டுப் போனால், வேலியோரம் மந்தை தலைகுனிந்து நிற்கும். பண்ணைக்காரர் அந்தப் பக்கம் வர மூன்று நாள் ஆகலாம்.

ஆக, கேட்டைக் கண்டபடி விடவேண்டும். நம் தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்து தொலைக்கிறது. எப்படிக் கண்டாயோ அப்படி என்கிறேன் நான். உன் கடிதத்தில் இருப்பது மற்றது.

இரண்டு கார் போனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. முன்கார் திறந்துவிட்டுப் போய்விடும். அரை கிலோமீட்டர் புழுதிக்குப் பின்னால் வருகிற அண்ணன், கேட் திறந்திருப்பதைக் காண்கிறார், கண்டபடியே விட்டுவிடுகிறார். இரண்டு பேரும் யோக்கியர்கள், கேட் மட்டும் திறந்து கிடக்கும். அதனால் முன்கார் தாண்டியதும் நிற்கவேண்டும். திறந்த ஆள் கேட்டருகிலேயே நின்று, பின்காரையும் விட்டு, மூடி, சங்கிலியை மாட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறவேண்டும். ஓட்டுபவர் இறங்கக் கூடாது, இடதுபக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் இந்த வேலை.

இரும்புக் கேட் சுலபம். கம்பிப் படல்தான் கையைக் கிழிக்கும். நாலைந்து கம்பியில் குச்சிகளைக் கோத்து, முனையில் ஒரு கம்பு. அந்தக் கம்பைத் தோளால் வேலிக்கம்பத்தோடு நெருக்கினால் மேல்வளையம் தளரும், அதைக் கழற்று. பிறகு அடிமுனையைக் கீழ்வளையத்திலிருந்து உருவி, படலைத் தூக்கிக்கொண்டே ஓரமாக நட. பாதையில் போட்டால் டயரில் சுற்றிக்கொள்ளும். மூடும்போது முதலில் அடிமுனை கீழ்வளையத்துக்குள், அப்புறம் தோள், கடைசியில் மேல்வளையம். மாற்றிச் செய்தால் எத்தனை பலசாலியாலும் மூடமுடியாது.

பூட்டிய கேட்டைச் சுற்றிப் போகாதே. ஆட்டுத் திருட்டு அங்கே பெரிய தலைவலி. இரண்டு காரின் நம்பரையும் பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே அனுப்பு. போனதும் எந்தக் கேட் எப்படி இருக்கவேண்டும் என்று அவரிடமே கேள்.

ஊருக்குள் கேட் இல்லை, வாய்க்கால் இருக்கிறது. தோட்டங்களுக்குத் தண்ணீர் முறை வைத்துப் பாயும். மதகுப் பலகையைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தூக்கினால் யாரோ ஒருவர் காத்திருந்த முறை போச்சு. அவர்களை ஆந்தை வீட்டுக்குக் கூட்டிப்போ. சிமெண்டும் அரைத்த கண்ணாடியும் கொண்டு கலைஞர் ஹெலன் மார்டின்ஸ் உருவாக்கிய சிற்ப வீடு அது. கூடவே உழைத்த கூஸ் மல்காஸ் பெயரையும் சொல்.

ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நிமிர்த்தி வை. அலையலையான கல்மண் சாலையில் மூடி தானாகத் திருகிக்கொண்டு கழலும், எண்ணெய் சீட்டில் இறங்கினால் போகாது.