கேள்வி-பதில்: பாதி மோடத்துக்கு முழு விலை

(1990-களின் பிற்பாதியில், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பழகியவர்கள் கேட்டவை.)

கேள்வி: 4 எம்பி மெமரியோடு பழைய 386 சில்லுக் கணினி ஒன்று வருகிறது. லினக்ஸ் கற்றுக்கொள்ள வாங்கலாமா?

பதில்: எழுத்துத் திரையே போதுமென்றால் வாங்கலாம். படங்களும் சாளரங்களும் காட்டும் எக்ஸ் விண்டோ வேண்டுமென்றால் வேண்டாம்.

கேள்வி: லினக்ஸ் சிடியைக் காசு கொடுத்து வாங்கினேன். "இலவசமாகக் கிடைப்பதற்குக் காசா?" என்கிறார் நண்பர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. காசுக்கு விற்பதை லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் தடுக்கவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே மோடத்தில் ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாக இறக்கும் சிரமத்தை நினைத்தால் சிடி நல்ல பேரம். மூல நிரல் கூடவே வந்திருக்கிறதா, கேட்டால் தருவதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அப்புறம், உள்ளே இருக்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 1996-ல் வந்த 2.0-தானா, அதற்கும் பழையதா என்றும் பாருங்கள்.

கேள்வி: புதிய உள்மோடம் விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் அசையவே இல்லை. "மோடம் நல்லாத்தான் இருக்கு" என்று கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்களிடம் இருப்பது வின்மோடம். தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றும் கணக்கை மோடத்தின் சில்லுகள்தான் போட வேண்டும். இதில் சில்லுகளைக் குறைத்துவிட்டு, அந்த வேலையை உங்கள் சிபியு தலையில் கட்டியிருக்கிறார்கள். கணக்குப் போடும் டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும், 'விண்டோஸ் தேவை' என்பது அடியில் பொடி எழுத்தில். பாதி மோடத்தை விற்பவர் அதைச் சொல்லித்தானே விற்க வேண்டும்? நானும் இப்படி ஒன்று வாங்கி, இரண்டு வாரம், மோடத்தின் போர்ட்டை அமைக்கும் செட்சீரியல் கட்டளையில் ஐஆர்க்யூ (குறுக்கீட்டு) எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பெட்டி, ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். லினக்ஸுக்கு என்று கேட்டு வாங்கியிருந்தால் விடவே விடாதீர்கள். அடுத்து வாங்குவது சீரியல் போர்ட்டில் செருகும் வெளிமோடமாக இருக்கட்டும்.

கேள்வி: மானிட்டர் கையேடு தொலைந்துவிட்டது. எக்ஸ் விண்டோவை அமைக்கும்போது, திரையை வரையும் அலைவெண்ணை உத்தேசமாகக் கூட்டிப் போட்டேன். கீச்சென்று சத்தம் வந்து திரை இருண்டுவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா?

பதில்: கேட்டுப் பாருங்கள், ஆனால் உங்களுக்காக நான் வாதாட மாட்டேன். தாங்காத அலைவெண் கொடுத்தால் மானிட்டர் கெடலாம் என்று அமைக்கும்போதே எச்சரிக்கை வருகிறது. தெரியாத எண் என்றால் குறைந்ததைத்தான் போட வேண்டும்.

கேள்வி: பூட் டைரக்டரியில் இருந்த, கணினியைத் தொடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வேறு இடத்தில் வைத்தேன். இப்போது கணினி தொடங்காமல் 'எல்ஐ' என்று இரண்டு எழுத்தோடு நிற்கிறது. புது ஹார்ட் டிஸ்க் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள்! டிஸ்க் கெடவில்லை. கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் நிரலான லிலோ, கோப்பின் பெயரைத் தேடாது, டிஸ்க்கில் அது இருந்த இடத்தைத்தான் குறித்து வைத்திருக்கும். இடத்தை மாற்றினால் லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். நிறுவும்போது பூட் ஃப்ளாப்பி செய்யச் சொல்லியிருக்குமே, செய்தீர்களா? அதை வைத்து உள்ளே போய், கோப்புகளைப் பழைய இடத்தில் வைத்து லிலோவை ஓட்டுங்கள். செய்யவில்லையென்றால் நண்பர் கணினியில் இன்றே செய்யுங்கள். இரண்டாகவே செய்துகொள்ளுங்கள், ஃப்ளாப்பி சொல்லாமல் கெடும்.