அலை அலையாக நிற்கும் சுவர் குயில்ட்: வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: 3 அடி அகலம், 4 அடி உயரத்தில் சுவரில் மாட்டுவதற்காக ஒரு குயில்ட் (மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைத்தேன். பருத்திப் பஞ்சு வைத்தது. நடுவில் நெருக்கமாக மெஷின் தையல் போட்டுவிட்டு, பார்டரை அப்படியே விட்டுவிட்டேன். ஓரப்பட்டையும் தைத்தாயிற்று. மாட்டினால் இரண்டு பக்க ஓரங்களும் அலை அலையாக நிற்கின்றன. கீழே வலது மூலை வேறு இறங்கித் தெரிகிறது. ஓரத்தை வெட்டி நேராக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வெட்ட வேண்டாம். வெட்டினால் ஓரம் நேராகும், ஆனால் அலை போகாது. பார்டரும் ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் பருமன் என்று ஆகிவிடும். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டுக்கும் மருந்து வேறு.

இறங்கிய மூலையை முதலில் பார்ப்போம். குயில்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அதை மாட்டியிருக்கும் கம்பியைச் சந்தேகப்படுங்கள். கம்பியை அசைக்காமல், குயில்ட்டின் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். இறக்கம் இடது பக்கத்துக்கு மாறினால் கோளாறு குயில்ட்டில். வலது பக்கத்திலேயே இருந்தால் ஆணியில். கம்பி நடுவில் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கழற்றித் தரையில் விரித்து, இழுக்காமல் அளவெடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடங்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்கள். உங்கள் அளவுக்கு இரண்டும் சரியாக 5 அடி வர வேண்டும். தையலில் துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்பதால் 5 அடிக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டும் சமமாக இருந்தால் போதும். ஒன்று நீளமாக இருந்தால் துணி கோணலாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். பக்கங்களின் உயரம் நடு உயரத்தைவிட அதிகமென்றால் அதுதான் உங்கள் அலை.

அலை ஏன் வருகிறது? ஒவ்வொரு வரித் தையலும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து அமுக்கும்போது துணி கொஞ்சம் உள்வாங்கும். நெருக்கமாகத் தைத்த நடுப்பகுதி அப்படிக் குறுகிவிட்டது. தையலே விழாத பார்டர் பழைய நீளத்திலேயே இருக்கிறது. மிச்ச நீளம் அலையாக எழும்புகிறது. வெறுமனே நனைத்து, குண்டூசி குத்தி உலர்த்துவது இதைக் கொஞ்ச நாளைக்குத்தான் மறைக்கும். பார்டரிலும் நடுப்பகுதியின் அளவுக்குத் தையல் விழ வேண்டும். கோணலுக்கு மட்டும் நனைத்துக் குத்தி உலர்த்தினால் போதும்.

அதனால் பார்டரில்தான் முதல் வேலை. இருக்கிற ஓரப்பட்டையைப் பிரித்துவிடுங்கள். இழுத்துப் பிடித்துத் தைத்த பட்டையும் ஓரத்தைக் கெடுக்கும் என்பதால் எப்படியும் பிரிப்பதே நல்லது. பார்டரில் நேர்வரிகளோ வளைவுகளோ எதுவானாலும் போடுங்கள், இடைவெளி மட்டும் நடுப்பகுதியைப் போல இருக்கட்டும். தைக்கும்போது துணியைக் கையால் முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ கூடாது. மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் (மெஷினில் மாட்டும் ஒரு வகைப் பாதம்) இருந்தால் பெரிய உதவி.

அதன் பிறகும் அரை அங்குலம் அளவுக்கு மிச்சம் இருந்தால், விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் உறுதியான நூலால் ஓட்டுத்தையல் போட்டு, மெதுவாகச் சுருக்குங்கள். சுருக்கம் ஒரே இடத்தில் குவியாமல் விரலால் பரப்பிவிட்டு, நடு உயரத்தின் அளவு வந்ததும் முடிச்சிடுங்கள். பிறகு வரும் ஓரப்பட்டை இந்தத் தையலை மூடிக்கொள்ளும்.

இனி நனைத்து உலர்த்துவது. அதற்கு முன், ஒரு வெள்ளைத் துணியை நனைத்து எல்லா நிறங்களின் மேலும் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் துரோகம் செய்யும். சாயம் ஒட்டினாலோ, துணி பட்டாக இருந்தாலோ, மேலே பெயின்ட் இருந்தாலோ இந்த முறை வேண்டாம். தண்ணீரில் அழியும் பேனாவால் கோடு போட்டிருந்தால், சூடு படுவதற்கு முன்பே அதைத் தண்ணீரில் போக்கிவிடுங்கள். அயர்ன் பட்டால் சில மைகள் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

சாயம் போகவில்லை என்று தெரிந்தால், குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. தூக்கித் தொங்கவிடவும் கூடாது, நீரின் எடையிலேயே மறுபடி இழுபடும். துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். தடிமனான ஃபோம் பலகை மேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு, வேண்டிய அளவில் ஒரு செவ்வகத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். மூலைகளுக்கு மூலைமட்டம் வையுங்கள். கண்ணளவை நம்பினால் மறுபடியும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

துருப்பிடிக்காத குண்டூசிகளால் நான்கு பக்கங்களின் நடுவிலும் முதலில் குத்துங்கள். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களாக மாற்றி மாற்றி, மூலைகளை நோக்கி ஓர் அங்குல இடைவெளியில் போங்கள். குறைந்த மூலைவிட்டம் எதுவோ அந்தத் திசையில்தான் இழுவை தேவை. இரண்டும் சமமாகும் வரை ஊசிகளைக் கழற்றிக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பொறுமை போகும் கட்டம் இது. மின்விசிறியின் கீழ் முழுவதும் காயட்டும். மேல்துணி காய்ந்த பிறகும் உள்ளே பஞ்சு ஈரமாக இருக்கும், எனவே அடுத்த நாள் வரை ஊசியைத் தொடாதீர்கள். பருத்தியும் கம்பளியும் இப்படிச் சொன்னபடி கேட்கும். பாலியஸ்டர் பஞ்சு அவ்வளவாகக் கேட்காது, சூடான அயர்ன் பட்டால் தட்டையாகிவிடும்.

காய்ந்த பிறகு, கத்தரிப்பதற்கு ஏதாவது மிச்சமிருந்தால் அப்போது ரூலர் வைத்து வெட்டலாம். ஓரப்பட்டையை விளிம்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் குயில்ட்டின் நடு அளவை வைத்துக் குறித்து, அந்த அளவுக்குள் ஓரத்தைப் பொருத்தித் தையுங்கள்.

மாட்டும்போது மேல் மூலைகளில் மட்டும் வளையமோ கிளிப்போ போட்டால் நடு தொய்யும். பின்பக்கம் முழு அகலத்துக்கும் துணியாலான கம்பி உறை வையுங்கள். சுவர்ப் பக்கம் உறையில் கொஞ்சம் தளர்ச்சி விட்டால் கம்பி முன்னே புடைத்துத் தெரியாது. உறையைக் கையால், அடித்துணியிலும் பஞ்சிலும் மட்டும் ஊசி ஏறும்படி தையுங்கள். மரச்சட்டம் என்றால் வார்னிஷ் அடியுங்கள், பூச்சு இல்லாத மரம் காலப்போக்கில் துணியில் கறை விடும். கீழ் விளிம்பில் இன்னொரு சின்ன உறை தைத்து மெல்லிய சட்டம் நுழைத்தால் கீழ்ப்பக்கம் தட்டையாக நிற்கும். கனமான சட்டம் வேண்டாம், அதுவே துணியை இழுக்க ஆரம்பித்துவிடும்.