மறுமொழி: குளத்துத் திலாப்பியா ஏன் பெரிதாகவில்லை?

கிரானில் வீட்டுக் குளத்தில் விட்ட திலாப்பியா எட்டு மாதமாகியும் உள்ளங்கை அளவுதான், பெரிய நீர்ப்பாசனக் குளமான உன்னிச்சைக் குளத்து மீன் மட்டும் தட்டு நிறைய இருக்கிறதே, குஞ்சு மோசமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

குஞ்சைக் குறை சொல்லாதீர்கள். கோழி ஒரு அளவோடு நின்றுவிடும், மீன் அப்படியில்லை. இடமும் இரையும் இருக்கும்வரை வளரும், இல்லாவிட்டால் குறுகிப்போகும். நெருக்கடியில் திலாப்பியா உடம்பைப் பெருக்காது, சின்ன அளவிலேயே சினைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கலாம். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அதற்குச் சாப்பாடே கிடையாது. அப்புறம் எங்கே பெரிதாகிறது? ஆண்தான் பெரிதாகும்.

தவிடு கூட்டிப் போட்டுப் பயனில்லை, இன்னும் குஞ்சுதான் பெருகும். வலையிழுத்துச் சின்னதுகளை எடுத்துக் கருவாடு போடுங்கள். பிறகு சில விரால் விடுங்கள். அது ஒரு மீட்டர்வரை வளரக்கூடிய இனம், குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். ஆனால் மழைக்கு வரம்பில் ஊர்ந்து தப்பிவிடும், சுற்றி வலை கட்டுங்கள்.

அடுத்த முறை ஆண் மட்டும் விடுங்கள். வயிற்றடியில் ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று.